சல்லடையில் நின்றது

ஸஹீஹுல் புகாரியில் உணவுகள் பற்றிய பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் பேறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த எளியேனுக்கு வாய்த்து வருகிறது. அப்பாடத்திலே ஓர் அழகிய உரையாடல் உண்டு. நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களை ஒருவர் அணுகி, அண்ணலாரின் காலத்தில் உங்களிடம் சல்லடைகள் இருந்தனவா என வினவுகிறார். நபித்துவம் அருளப்பெற்ற நாள் தொட்டு இவ்வுலகைப் பிரிந்த நாள் வரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சல்லடையைக் கண்டதே இல்லை என்று விடை வருகிறது. கேட்டவருக்கு வியப்பு அடங்கவில்லை. சலிக்காத வாற்கோதுமையை எவ்வாறு உண்டீர்கள் என்கிறார். அரைத்து ஊதுவோம், பறப்பது பறந்து போகும், எஞ்சியதை நனைத்து உண்போம் என்ற கருத்தில் அந்தத் தோழர் மறுமொழி பகர்கிறார்.

இந்த ஹதீஸை ஓதும் போதெல்லாம் நான் சொல்லும் விளக்கம் ஒன்றே: "பாருங்கள், அகிலத்தின் அருட்கொடையாக வந்தவர்கள் எத்துணை எளிய வாழ்வு வாழ்ந்தார்கள்!" அவ்வளவோடு அடுத்த ஹதீஸுக்குச் சென்று விடுவேன். அரபியில் 'நகல' என்றால் சலித்தான் என்று பொருள். 'முன்குல்' என்பது சல்லடை. சலித்த பின் சல்லடையில் நிற்கும் தவிட்டுக்கு 'நுகாலா' என்று பெயர். மூன்று சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று இலக்கணமும் சொல்வேன். ஆனால், அந்த நுகாலாவில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய நாள் வந்த போது, அரைகுறையாக எண்ணிப் பெரும் பிழையும் செய்தேன். அப்பிழையைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

எங்கள் ஊர் இராமநாதபுரக் கடற்கரையில் உள்ளது. வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கம்பும் குதிரைவாலியுமே என் இளமையின் உணவு. என் உம்மா திரிகையில் கேழ்வரகைத் தம் கையாலேயே அரைப்பார்கள். சலிப்பதில்லை. நெல்லுச் சோறு பெருநாளுக்கும் விருந்துக்கும் உரியது.

1992ஆம் ஆண்டு மௌலவி ஸனது பெற்று நான் வீடு திரும்பினேன். சில நாட்களில் என் ஆசிரியப் பெருமக்கள் இருவர் எங்கள் இல்லத்துக்கு எழுந்தருளினர். உம்மா மகிழ்ச்சி பொங்கக் கேழ்வரகுப் புட்டு அவித்து, தேங்காய்ப் பூவும் கருப்பட்டியும் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் அடுப்படிக்குள் சென்று, "என்ன உம்மா இது! வந்திருப்பவர்கள் பெரிய ஹஜ்ரத்மார்கள். கறுத்த புட்டையா முன்னால் வைப்பது?" என்று சினந்தேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. புட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கடைக்கு ஆள் விட்டுப் பரோட்டா வாங்கி வரச் செய்தார்கள். மறுவாரம் எங்கள் வீட்டுக்கு நுண்ணிய சல்லடை ஒன்று வந்தது. "இனிமேல் சலித்தே செய்து தருகிறேன் வாப்பா" என்றார்கள். சல்லடையில் நின்ற தவிடு கோழிகளுக்குப் போயிற்று. சல்லடையே இல்லாத வீட்டில் வாழ்ந்த நபியைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்று வந்த மகன், தன் வீட்டுக்குச் சல்லடையைக் கொண்டு வந்து சேர்த்தான்! இதிலுள்ள முரண்பாடு அன்று எனக்குப் புலப்படவில்லை. உம்மா 2011ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றென்று பின்னரே உணர்ந்தேன்.

தவிட்டைக் கோழிக்கு இடுவதைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. 1890களில் ஜாவாத் தீவில் பணியாற்றிய ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டில் உயிர் காக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. அதற்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் கண்டது பி1 என்னும் உயிர்ச்சத்தின் விளைவு. நான் சொல்ல வந்ததோ வேறு வகைப் பொருள்களைப் பற்றியது.

என் காக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்துக் குடும்பத்தைக் கரை சேர்த்தவர். 2022ஆம் ஆண்டு ஊர் திரும்பிய சில மாதங்களில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் இரண்டு அடைப்புகள் உள்ளன என்றார்கள். ஸ்டென்ட் எனும் வலைக்குழாய்களைப் பொருத்தி, மாத்திரைகளும் தந்து அனுப்பினார்கள்.

அந்நாட்களில் நான் நூல்களைத் தேடிப் படித்தேன். முழுத் தானியத்தின் தவிட்டில் இரத்தக் குழாய்களுக்கு நலம் செய்யும் தாவரப் பொருள்கள் உள்ளன என்று கண்டேன். உடனே ஸஹ்ல் (ரலி) அவர்களின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், வீட்டில் மௌத்து நிகழ்ந்து பெண்கள் கூடிக் கலைந்த பின்னர், 'தல்பீனா' எனும் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள் என்பதும், அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என நபிகளார் சொல்லக் கேட்டதாக அறிவித்ததும் நினைவுக்கு வந்தன. பாலைப் போல் வெளுத்து நெகிழ்ந்திருப்பதால் 'லபன்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாவாலோ தவிட்டாலோ செய்து, சில வேளை தேனும் கலப்பார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

இரண்டையும் இணைத்து ஒரு ஜும்ஆவில் முழங்கினேன். "தல்பீனா இதயக் குழாய்களைத் தூய்மை செய்யும் என்பதை இன்றைய விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது!" என்றேன். மக்கள் "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள். எனக்கும் மனம் குளிர்ந்தது.

முன்வரிசையில் அமர்ந்து காக்காவும் அதைக் கேட்டுக் கொண்டிருந்தார். மறுநாள் முதல் வாற்கோதுமைக் கஞ்சியை ஒழுங்காகக் குடிக்கலானார். கஞ்சியைத் தொடங்கியவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார் என்பதை நாங்கள் யாரும் அறியவில்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் ஃபஜ்ரு நேரத்தில் மறுபடியும் வலி. வலைக்குழாய் ஒன்றினுள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். ஆனால், இதயத் தசையின் ஒரு பகுதி வலுவிழந்துவிட்டது. இன்று மாடிப்படி ஏற அவரால் இயலாது. "ஏன் காக்கா மாத்திரையை விட்டீர்கள்?" என்று அழுதேன். "நீதானே தம்பி மிம்பரில் நின்று சொன்னாய்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை மேலும் வாட்டியது.

என்னிடம் ஹிஃப்ளு முடித்து, பின்னர் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் தலைகுனிந்திருந்துவிட்டு அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ளயீஃபான ஹதீஸை ஒருவர் ஸஹீஹ் என்று சொன்னால் நீங்கள் விட்டுவிடுவீர்களா?"

"விடமாட்டேன். ஸனதைக் கேட்பேன். அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் விசாரிப்பேன்" என்றேன்.

"எங்கள் துறையிலும் ஸனது உண்டு ஹஜ்ரத். நீங்கள் சொன்ன செய்தியில் ஸஹீஹும் இருக்கிறது, ஹஸனும் இருக்கிறது, ளயீஃபும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டீர்கள்."

அன்று நான் மாணவனாக அமர்ந்து பாடம் கேட்டேன். கேட்டதை என் சொற்களில் தருகிறேன். ஹதீஸ் கலையின் சொற்களை இங்கே உவமையாக மட்டுமே கையாள்கிறேன் என்பதை ஆலிம் பெருமக்கள் பொறுத்தருள்க.

இரத்தக் குழாய்க்கு அரபியில் 'இர்க்' என்று பெயர். மரத்தின் வேருக்கும் அதுவே பெயர். தமிழில் 'நாளம்' என்கிறோம். தாமரையின் உள்துளைத் தண்டுக்கும் அதுவே பெயர். திருமறையும் பிடரி நரம்பாகிய வரீதை 50ஆம் அத்தியாயத்திலும், உயிர் நாளமாகிய வதீனை 69ஆம் அத்தியாயத்திலும் குறிப்பிடுகிறது. இந்த நாளங்களின் உட்புறத்தில் எண்டோதீலியம் எனும் மெல்லிய படலம் ஒன்று, ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலேயே ஆகி, விரிந்து கிடக்கிறது. வெறும் பூச்சு என்றே அதை நெடுங்காலம் கருதினர். 1980ஆம் ஆண்டு ஃபர்ச்காட் என்ற அமெரிக்க அறிஞர், முயலின் பெருநாளத் துண்டை வைத்துச் சோதித்த போது, உட்படலம் இருந்தால் அந்நாளம் மருந்துக்கு இளகுவதையும், படலத்தைத் தேய்த்து நீக்கிவிட்டால் இளகாமற் போவதையும் வெளியிட்டார். படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவே நாளத்தை இளக்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இதற்காக 1998இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்படலம் நலிந்தால் நாளம் இறுகும். கொழுப்பு உட்புகுந்து படியும். வீக்கம் தோன்றும். அடைப்புக்கு வழி பிறக்கும்.

இனித் தானியத்துக்கு வருவோம். மணி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகுதிகள்: வெளியே தவிடு, ஓரத்தில் முளைக்கரு, நடுவே மாவு. சலித்தாலும் தீட்டினாலும் போவன முதல் இரண்டும். தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளச் செடி ஆக்கி வைத்த பொருள்களில் பெரும்பாலானவை அந்தத் தவிட்டில்தான் இருக்கின்றன. கோதுமை, அரிசி, கேழ்வரகு முதலியவற்றில் ஃபெரூலிக் அமிலம் உண்டு. அதன் மிகப் பெரும் பகுதி தவிட்டின் நார்ச்சுவரோடு இறுகப் பிணைந்திருக்கிறது. நம் இரைப்பையால் அதைப் பிரிக்க இயலாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே மெல்ல மெல்லப் பிரித்துத் தருகின்றன. அரிசித் தவிட்டு எண்ணெயில் ஒரைசனால் உண்டு. கருப்புக் கவுனியின் கருமைக்கு ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளே காரணம். ஓட்ஸில் மட்டும் அவெனாந்த்ரமைடு என்ற தனிப்பொருள் உண்டு. என் உம்மாவின் புட்டைக் கறுக்கச் செய்த கேழ்வரகுத் தோலிலும் இத்தகைய பொருள்கள் செறிந்துள்ளன. நான் எதைக் கண்டு நாணினேனோ, அந்தக் கருமையே அதன் செல்வமாயிருந்தது!

இப்பொருள்கள் நாளத்துக்கு என்ன செய்கின்றன? கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த நாள உயிரணுக்களின் மீது இவற்றுட் சிலவற்றை இட்ட போது, நைட்ரிக் ஆக்ஸைடு கூடியது. வெள்ளணுக்கள் ஒட்டிக் கொள்வதும் வீக்கத்தின் அடையாளங்களும் குறைந்தன. எலிகளிலும் சில நன்மைகள் தென்பட்டன. ஆனால், கிண்ணம் மனிதன் அன்று, எலியும் மனிதன் அன்று. குடலையும் ஈரலையும் கடந்து இரத்தத்தைச் சேரும் அளவோ மிகச் சிறிது. மனிதர்களிடம் சில வாரங்களே நடந்த சிறு சோதனைகளில், சிலவற்றில் நாளம் நன்கு விரிந்தது, சிலவற்றில் வேறுபாடே தோன்றவில்லை. ஆகவே, தவிட்டின் இப்பொருள்கள் மனித நாளத்தை நேரே குணப்படுத்துகின்றன என்ற செய்தி இன்றைய நிலையில் ளயீஃப். பொய்யன்று, ஆனால் ஸனது முழுமை பெறவில்லை.

முழுத் தானியம் உண்போருக்கு இதயநோய் குறைவு என்பது ஹஸன் எனலாம். பல நாடுகளில் நெடுங்காலம் மக்களைத் தொடர்ந்து கவனித்த 45 ஆய்வுகளின் தொகுப்பொன்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2016இல் வெளிவந்தது. அன்றாடம் 90 கிராம் முழுத்தானிய உணவு கூடுதலாக உண்போருக்கு இதயநாள நோய் ஏறக்குறைய 19 விழுக்காடு குறைவாக இருந்தது என்று அது காட்டிற்று. எனினும், முழுத்தானியம் உண்பவர் பெரும்பாலும் புகை பிடிக்காதவராகவும் உடல் உழைப்பு உள்ளவராகவும் இருப்பார். நன்மை எதனால் விளைந்தது என்று முற்றிலும் பிரித்தறிவது கடினம். 2017இல் காக்ரேன் அமைப்பு, மக்களைக் குழுக்களாகப் பிரித்து உணவு கொடுத்துப் பார்த்த சோதனைகளை மட்டும் எடுத்து ஆராய்ந்து, இதயநோயை முழுத்தானியம் தடுக்கும் என்று உறுதி கூறப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று முடிவு கூறியது.

ஸஹீஹ் என்று சொல்லத்தக்கதும் ஒன்று உண்டு. வாற்கோதுமையிலும் ஓட்ஸிலும் உள்ள பீட்டா குளுக்கான் எனும் நார்ப்பொருள் கஞ்சியைக் கொழகொழப்பாக்குகிறது. அது குடலில் பித்த உப்புகளைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தத்தை ஆக்குவதற்காக ஈரல் இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக் கொள்கிறது. நாள்தோறும் 3 கிராம் அளவு உண்டால் தீய கொழுப்பு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைகிறது. இது மீண்டும் மீண்டும் சோதித்து உறுதி செய்யப்பட்டது. ஆனால், இங்கும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. இப்பொருள் தவிட்டில் மட்டும் இல்லை. வாற்கோதுமை மணியின் உள்ளேயும் பரவியிருப்பதால் தீட்டிய பார்லியிலும் கிடைக்கிறது. நலம் அனைத்தும் சல்லடையில் நின்றுவிட்டது என்று நான் முழங்கியதும் முழு உண்மையன்று.

"ஹஜ்ரத், கஞ்சி குறைப்பது 5, 7 விழுக்காடு. காக்கா விட்டுவிட்ட கொழுப்பு மாத்திரை குறைப்பதோ 30 விழுக்காட்டுக்கும் மேல். வலைக்குழாயில் இரத்தம் உறையாமல் காப்பது இன்னொரு மாத்திரை. அந்த வேலையைச் செய்யும் கஞ்சி உலகில் இல்லை" என்றார் அந்தத் தம்பி. அடுத்து அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் தைத்தது: "நபிகளார் தல்பீனாவைத் துயருற்ற உள்ளத்துக்கு இதம் என்றார்கள். இதயக் குழாயின் அடைப்பை அது நீக்கும் என்று அவர்கள் சொல்லவில்லையே. அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு ஓதிக் கொடுத்தவர்கள் தாங்கள்தானே!"

இதற்கு நான் என்ன விடை சொல்வேன்? அண்ணலாரின் சொல்லுக்கு விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேடிப் போனவன், விஞ்ஞானத்துக்கும் அநீதி செய்தேன், ஹதீஸுக்கும் அநீதி செய்தேன். இன்று ஓர் ஆய்வு வரும், நாளை வேறோர் ஆய்வு அதைத் திருத்தும். திருத்தம் பெறுவதே அக்கலையின் சிறப்பு. மாறாத ஒன்றை மாறும் ஒன்றின் மீது சாய்த்து வைப்பது அறிவுடைமை ஆகாது. மருத்துவம் செய்து கொள்ளுங்கள் என்று பணித்தவர்களும் அண்ணலாரே அன்றோ? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயுற்ற போது, அண்ணலார் நலம் விசாரிக்கச் சென்று, மருத்துவரான ஹாரிஸ் இப்னு கலதாவை நாடுமாறு சொன்னார்கள் என்ற ஓர் அறிவிப்பு அபூதாவூதில் உண்டு. அதன் ஸனதில் விமர்சனம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இனி நான் எதையும் தரம் சொல்லாமல் சொல்வதாக இல்லை.

அடுத்த ஜும்ஆவில் அதே மிம்பரில் ஏறி, "சென்ற ஆண்டு நான் சொன்னது மிகை. அதை நம்பி எவரும் மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று அறிவித்தேன். ஆலிம் இப்படிப் பின்வாங்கலாமா என்று சிலர் முணுமுணுத்தனர். தொழுகை முடிந்ததும் இருவர் என்னைத் தனியே அழைத்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாக ஒப்புக் கொண்டனர். முணுமுணுப்பின் சுமை அத்துடன் எனக்கு இறங்கிவிட்டது.

வாசக அன்பர்களே, முழுத் தானியத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. விருந்து என்றால் வெள்ளை, எளிமை என்றால் கறுப்பு என்று எண்ணி நம் வீடுகளிலிருந்து அதை விரட்டியவர்களில் நானும் ஒருவன். அதை மீட்டுக் கொண்டு வருவது நன்றே. தீட்டாத அரிசியும் கேழ்வரகும் கம்பும் குதிரைவாலியும் வாற்கோதுமையும் நம் சட்டிகளுக்குத் திரும்பட்டும். தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் ஓரளவு தடுக்கும். ஊற வைப்பதாலும் புளிக்க வைப்பதாலும் அது குறையும். மாவைப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சிய நம் முன்னோரின் வழக்கம் வீணானதன்று. நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நுண்மையாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் சர்க்கரையை விரைந்து ஏற்றும். அவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். நோயாளியின் மருந்தை நிறுத்தும் உரிமை கஞ்சிக்கும் இல்லை, கஞ்சியைப் புகழும் ஹஜ்ரத்துக்கும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் அதிகாலையில் வாற்கோதுமைக் கஞ்சி காய்கிறது. காக்காவுக்கு ஒரு கோப்பையை நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன். கோப்பையின் அருகில் மாத்திரைகளை எண்ணி வைத்துவிட்டு, அவர் விழுங்கும் வரை பக்கத்தில் அமர்ந்திருக்கிறேன். "என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டாயே தம்பி" என்று சிரிப்பார். உம்மா வாங்கிய சல்லடை அடுப்படிச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதை எடுத்து எறிய மனம் வரவில்லை. மாவுக்கு அது தேவைப்படுவதில்லை. சொல்ல வரும் சொல்லைச் சலிக்க எனக்கு ஒன்று தேவைப்படுகிறது என்பதை அதைப் பார்க்கும் போதெல்லாம் நினைத்துக் கொள்கிறேன்.

வல்ல ரஹ்மான் என் உம்மாவின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! என் காக்காவுக்கும் நோயுற்ற அனைவருக்கும் நிறைந்த ஷிஃபாவை அருள்வானாக! அறிந்ததை அறிந்த அளவில் மட்டுமே சொல்லும் நாவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.